பனி சுமந்தவர்களின் பாதை

இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் 1336ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதியிட்ட ஒரு கடிதத்தில், தம்பி கெரார்தோவுடன் தென் பிரான்சின் மோன் வந்தூ மலையில் ஏறிய கதையைச் சொல்கிறார். உச்சியிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காகவே மலையேறிய முதல் மனிதர் என்று மலையேற்ற வரலாறுகள் அவரைக் கொண்டாடுகின்றன. கடிதம் பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அது வேறு விவாதம். அந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுபவர், இடையில் வந்துபோகும் ஒரு கிழவர். மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தாம் இந்த உச்சிக்கு ஏறியதாகவும், பாறையிலும் முள்ளிலும் உடம்பும் துணியும் கிழிந்ததுதான் மிச்சம் என்றும் சொல்லித் தடுத்துப் பார்க்கிறார். இவர்கள் கேட்பதாக இல்லை. கடைசியில் மேலே போகும் வழியைக் கைநீட்டிக் காட்டுகிறார். வேண்டாத சுமைகளை அவரிடமே விட்டுவிட்டு இருவரும் ஏறுகிறார்கள். ஆக, முதல் மலையேற்றம் என்று பெயர் பெற்ற அந்த நாளிலேயே, அரை நூற்றாண்டு முன்னதாக அதே உச்சியைப் பார்த்த ஒருவர் அடிவாரத்தில் நின்றிருக்கிறார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழித்து, கிரேக்கத்தில் இதே கதை சற்று நியாயமான முறையில் நடந்தது. ஒலிம்பஸ் மலையின் மிக உயர்ந்த முகடான மிதிகாஸ் 2917 மீட்டர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பிரெதெரிக் புவசொன்னாவும் எழுத்தாளர் தனியேல் போ-பொவியும் 1913 ஆகஸ்ட் 2 அன்று அதில் ஏறினார்கள். மஞ்சு மூடியிருந்ததால் முதலில் வேறொரு முகட்டை உச்சி என்று நினைத்தார்கள். மூட்டம் விலகியபோது அதைவிட உயர்ந்த பாறை எதிரே தெரிந்தது. அவர்களுக்கு முன்னால் ஏறி வழிகாட்டியவர் அடிவார ஊரான லிதோஹொரோவைச் சேர்ந்த வேட்டைக்காரர் கிறிஸ்தோஸ் ககாலோஸ். இந்த முறை மூன்று பெயர்களும் வரலாற்றில் நின்றன. ககாலோஸ் அதன்பின் ஒலிம்பஸின் வழிகாட்டியாகவே வாழ்ந்தார். மலைமேல் இருக்கும் விடுதி ஒன்றுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள மலைகளில் நடப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காட்சியை எழுதுகிறார்கள். கீழே நீலக் கடல், மேலே வெள்ளைப் பாறை, காற்றில் ரோஸ்மேரி வாசம். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மலைகளைப் புரிந்துகொள்ள அது போதாது. ஆல்ப்ஸின் உயர்ந்த சிகரங்கள் பலவற்றுக்கு, மலையேறிகள் வரும்வரை போக வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. மத்தியதரைக்கடல் மலைகள் அப்படியல்ல. இங்கே முகடு வரைக்கும் மனிதருக்கு வேலை இருந்தது. ஆடு மேய்க்க, கரி மூட்டம் போட, சுண்ணாம்பு சுட, பனி சேர்க்க ஆட்கள் ஏறினார்கள். இன்று நாம் மலையேற்றத் தடம் என்று சொல்வதில் பெரும்பகுதி அந்த வேலைக்காகப் போடப்பட்ட வழி. வேலை நின்றதும் வழி அனாதையானது. இன்று அங்கே நடக்கிறவர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் பலவற்றை இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இந்த மலைகள் கடலை ஒட்டியே எழுகின்றன. மிதிகாஸ் முகட்டுக்கும் கடலுக்கும் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. கோர்சிகாத் தீவின் மோந்தே சிந்தோ 2706 மீட்டர்; கடற்கரை முப்பது கிலோமீட்டருக்குள். ஸ்பெயினின் சியெர்ரா நெவாதாவில் உள்ள முலாசென் 3479 மீட்டர். அதுவும் கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். உயரத்தை வைத்து இந்த மலைகளை எடைபோடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மயோர்காத் தீவில் ஆயிரத்து முந்நூறு சொச்சம் மீட்டர் மலை என்றால் அலட்சியமாகத் தோன்றும். ஏறத் தொடங்கும் இடம் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அந்த உயரம் முழுவதையும் காலால்தான் ஏறியாக வேண்டும்.

இரண்டாவது, பாறை. சியெர்ரா நெவாதாவின் நடுப்பகுதியையும் கோர்சிகாவையும் விட்டுவிட்டால், பெரும்பாலான மலைகள் சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்து உள்ளே இறங்கிவிடும். மலைக்குள் குகையும் ஆறும் இருக்கும். மேலே ஒரு சொட்டு இருக்காது. கிரீட் தீவின் மேற்கில் உள்ள லெஃப்கா ஓரி மலைத்தொடர் இதற்குக் கடைசி எல்லை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் முகடுகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றிடையே மரமும் ஓடையும் இல்லாத சாம்பல் நிறப் பாலை. குளிர்காலத்தில் ஆளுயரப் பனி விழும் அதே இடத்தில் ஆகஸ்டில் நாக்கு வறண்டு சாகலாம். பனி உருகிய நீரெல்லாம் கீழே போய், கடலோர ஊர்களில் ஊற்றாக வெளிவருகிறது.

மூன்றாவது, பருவம். கோடையில் மழை அரிது. மழையும் பனியும் குளிர்காலத்தில். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் மலையேறக் கோடை நல்ல காலம். இங்கே தாழ்ந்த மலைகளுக்கு ஜூலையும் ஆகஸ்டும் ஆகாத மாதங்கள். மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையிலும் நடக்கலாம். ஒலிம்பஸ், மோந்தே சிந்தோ போன்ற உயர்ந்தவற்றுக்கு ஜூன் கடைசி வரை பனி கிடக்கும் என்பதால் கோடையில்தான் போக முடியும். அங்கே பிற்பகல் இடிமழை வரும். 2024 ஜூனில் கிரேக்கத்தில் அடித்த வெப்ப அலையின்போது நடக்கப் போன வெளிநாட்டுப் பயணிகள் பலர் இறந்தார்கள். மக்களுக்கு மருத்துவ அறிவைத் தொலைக்காட்சியில் சொல்லிவந்த பிரிட்டன் மருத்துவர் மைக்கேல் மோஸ்லியும் அந்த மாதம் சிமி தீவில், கடும் வெயிலில் தனியே நடந்துபோய் உயிரிழந்தார். அவர் சிகரம் ஏறவில்லை. ஒரு கடற்கரையிலிருந்து ஊர் திரும்பும் சாதாரணக் கல்பாதைதான் அது. உடலைப் பற்றி இவ்வளவு அறிந்த ஒருவரையே அந்த வெயில் விட்டுவைக்கவில்லை.

இந்த வறண்ட மலைகளில், நம்ப முடியாத தொழில் ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. பனி விற்பனை.

மயோர்காவின் வடமேற்குக் கரை நெடுக ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் திரமுந்தானா மலைத்தொடரில், ஆயிரம் மீட்டரை ஒட்டிய சரிவுகளில், நீள்சதுரக் கற்குழிகள் இருக்கின்றன. பாதி நிலத்துக்குள் தோண்டி, சுற்றிலும் சாந்தில்லாமல் கல் அடுக்கி, மேலே கூரை போட்டவை. பனி வீடுகள் என்று ஊரார் அழைப்பார்கள். குளிர்காலத்தில் பனி விழுந்ததும் அடிவார ஊர்களிலிருந்து ஆட்கள் கூட்டமாக ஏறுவார்கள். பனியைக் கூடைகளில் வாரிக் குழியில் கொட்டி, அதன்மேல் நின்று காலால் மிதித்து இறுக்குவார்கள். ஓர் அடுக்கு இறுகியதும் அதன்மேல் கோரை போன்ற ஒரு மலைப்புல்லைப் பரப்பி அடுத்த அடுக்கு. குழி நிறைந்ததும் புல்லும் தழையும் போட்டு மூடிவிடுவார்கள். கோடை வந்ததும் பாளம் பாளமாக வெட்டி, கோவேறு கழுதைகளில் ஏற்றி, இரவில் கீழே இறக்குவார்கள். பகலில் இறக்கினால் வழியிலேயே தண்ணீராகிவிடும். விடிவதற்குள் பால்மா நகரம் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பனி வெறும் ஆடம்பரத்துக்கானது அல்ல. காய்ச்சலுக்கும் இரத்தப்போக்குக்கும் வீக்கத்துக்கும் வைத்தியர்கள் அதை எழுதிக்கொடுத்தார்கள். விலையை அரசு நிர்ணயித்தது. சிசிலியில் எட்னா எரிமலையின் பனி, கத்தானியா பிஷப்புக்கு நல்ல வருமானம் தந்த சொத்து. அங்கிருந்து கப்பலேறி மால்டா வரை போனது. கிரானடாவில் வெலேதா சிகரத்தை ஒட்டிய சரிவுகளிலிருந்து நகரத்துக்குப் பனி இறக்கியவர்கள் நடந்த வழி இன்றும் பனிக்காரர் வழி என்ற பெயரிலேயே மலையேறிகளின் தடமாக இருக்கிறது. ஐஸ் தொழிற்சாலைகள் வந்ததும், 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளுக்குள் பெரும்பாலான இடங்களில் இந்தத் தொழில் முடிந்துபோனது.

மயோர்காவில் யுக் மடத்திலிருந்து மசனேயா மலைப்பக்கம் ஏறுகிறவர்கள் கருவாலிக் காட்டைத் தாண்டியதும், வெட்டவெளிச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு கற்பாதையில் கால் வைக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் தாங்குசுவர். சாய்வு ஒரே சீராக, மூச்சு வாங்காத அளவில் இருக்கும். பொதி சுமந்த கழுதை இருட்டில் கால் இடறாமல் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வழி அது. அந்தப் பாதை போய்ச் சேரும் இடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கலிலேவு பனி வீடு. இத்தனை நேர்த்தியான மலைப்பாதையை இன்றைய பொறியாளர்கள் போட்டால் அதற்கு விருது கொடுப்பார்கள். போட்டவர்கள் கூலிக்காரர்கள்.

பனிக்காரர்கள் மட்டுமல்ல. கருவாலிக் காட்டுக்குள் நடந்தால் வட்டமான சமதளங்கள் அடிக்கடி தென்படும். ஓரத்தில் கல் பதித்து, நடுவில் பாசி படர்ந்து. அவை கரி மூட்டம் போட்ட இடங்கள். கரி சுடுகிறவர்கள் கோடை முழுதும் மனைவி மக்களோடு காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். மூட்டம் நாள்கணக்கில் புகையும். எரிந்துவிட்டால் சாம்பல், அணைந்துவிட்டால் விறகு. இரவில்கூட எழுந்து பார்க்க வேண்டும். பக்கத்திலேயே சுண்ணாம்புக் காளவாய்கள். கிரீட்டில் ஸிலோரித்திஸ் மலையில் மேய்ப்பர்கள் தட்டைக் கல்லைச் சாந்தின்றி அடுக்கிக் குவிமாடக் குடில்கள் கட்டினார்கள். அதற்குள்தான் பால் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்தார்கள். 2456 மீட்டர் உயர அம்மலையின் உச்சியில் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலும் அதே குடிலின் வடிவம்தான். கடவுளுக்கும் மேய்ப்பருக்கும் ஒரே கட்டடக் கலை.

சாந்தில்லாமல் கல் கட்டும் இந்தக் கலையை, கிரேக்கம், குரோவேஷியா, சைப்ரஸ், பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஸ்லொவேனியா, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்ததன்பேரில், 2018இல் யுனெஸ்கோ மனிதகுல மரபாக ஏற்றது. அதற்கு முன்பே 2011இல் திரமுந்தானா உலகப் பாரம்பரியக் களமாகியிருந்தது. இயற்கை எழிலுக்காக அல்ல, பண்பாட்டு நிலவெளி என்ற வகையில். மலையை யுனெஸ்கோ மனிதர் செய்த பொருளாகப் பார்த்திருக்கிறது. நடக்கிறவர்களும் அப்படிப் பார்த்தால் நல்லது.

இப்போது கசப்பான பகுதி. 1950களுக்குப் பிறகு இந்த மலைகள் வேகமாகக் காலியாயின. மயோர்காவில் சமையலுக்கு எரிவாயு உருளை வந்தது, கரிக்கு வேலை போனது. கடற்கரையில் ஓட்டல்கள் எழுந்தன, கல் கட்டிய கைகள் அங்கே கூலிக்குப் போயின. கோர்சிகாவின் மலையூர்களிலிருந்து ஆட்கள் பிரான்சின் பெருநிலப்பகுதிக்கும் அதன் குடியேற்ற நாடுகளுக்கும் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். கிரீட்டின் சமாரியா பள்ளத்தாக்கு 1962இல் தேசியப் பூங்காவானபோது அதற்குள் இருந்த ஊரையே காலிசெய்தார்கள். 16 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தாக்கில் இன்று கோடைக்காலம் முழுதும் பயணிகள் வரிசையாக நடக்கிறார்கள். ஊரில் கல் வீடுகள் நிற்கின்றன.

ஆள் இல்லாத மலை தானாகக் காடாகும், அது நல்லதுதானே என்று கேட்கலாம். நானும் மனிதரை விரட்டிவிட்டால் இயற்கை பிழைக்கும் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் காண்கிறவன்தான். ஆனால் இங்கே அது முழு உண்மையல்ல. அடுக்கு வயல்களில் ஒலிவமரம் பராமரிப்பின்றிப் போனால் அங்கே முதலில் வருவது அலெப்போ பைன் மரமும் எண்ணெய்ப்பசை மிகுந்த புதரும். முன்பு ஆடு தின்ற புல், கரிக்காரர் வெட்டிய சுள்ளி, எல்லாம் இப்போது காய்ந்து குவிந்து கிடக்கிறது. வயலும் மேய்ச்சலும் இடையிடையே இருந்தபோது தீ ஓரிடத்தில் நின்றுவிடும். இப்போது நிற்க இடமில்லை. 2013 ஜூலையில் மயோர்காவின் அந்திராச் பக்கம், ஒருவர் அலட்சியமாகக் கொட்டிய அடுப்புத் தணலிலிருந்து பற்றிய தீ 2000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. சாம்பல் அடங்கியபின் பார்த்தால், புதருக்குள் மறைந்திருந்த பழைய அடுக்குச் சுவர்கள் மலை முழுதும் வெளியே தெரிந்தன. பைன் மரங்களுக்கடியில் அத்தனை வயல்கள் இருந்ததை அப்போதுதான் பலர் பார்த்தார்கள்.

தீ பயத்தால் மலைக்கே பூட்டுப்போட வேண்டியிருக்கிறது. மார்செய் நகரத்தை ஒட்டிய சுண்ணாம்புப் பாறைக் கரைகளிலும் செசான் ஓயாமல் வரைந்த சேந்த்-விக்துவார் மலையிலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு நாளும் தீ அபாயத்தின் அளவை நிறத்தால் அறிவிக்கிறார்கள். அபாயம் மிகுந்த நாளில் எவருக்கும் அனுமதி இல்லை. கட்டுப்பாடு தேவைதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தடுப்பு மட்டும் போதாது. காட்டுக்குள் ஆடு மேய வேண்டும், சுள்ளி பொறுக்க ஆள் வேண்டும், வயல் திரும்ப உழப்பட வேண்டும். அதற்குச் செலவழிக்கும் பணம் தீயணைப்பு விமானத்துக்குச் செலவழிப்பதைப் போலவே அவசரமானது.

தண்ணீர் விஷயத்தில் அப்படி ஒரு மீட்பு நடந்தே இருக்கிறது. சியெர்ரா நெவாதாவின் அல்புஹாராச் சரிவுகளில், இஸ்லாமியர் ஆட்சிக் காலத்தில் வெட்டிய மண் கால்வாய்கள் உண்டு. பனி உருகும் காலத்தில் ஓடைநீரைத் திருப்பி, மலைமேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வேண்டுமென்றே நிலத்துக்குள் இறங்கவிடுவார்கள். அந்த நீர் பாறைக்குள் மெல்ல இறங்கி, வாரங்களோ மாதங்களோ கழித்து, கோடை நடுவில் கீழே உள்ள ஊற்றுகளில் வெளிப்படும். அணை இல்லாமலே மலைக்குள் தண்ணீரைச் சேமிக்கும் முறை இது. ஊர்கள் காலியானபோது கால்வாய்கள் தூர்ந்தன, ஊற்றுகள் வற்றின. கிரானடா பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் கடந்த பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னார்வலர்களையும் ஊர் உழவர்களையும் சேர்த்துக்கொண்டு மண்வெட்டியால் அவற்றைத் தூர்வாரித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். முலாசென் ஏறுகிறவர் வழியில் குடிக்கும் ஊற்றுநீர் இப்படி யாரோ தூர்வாரியதால் கிடைத்ததாகவும் இருக்கலாம்.

இனி உரிமை. மத்தியதரைக்கடல் மலைகள் எல்லாம் ஒரே சட்டத்தில் இல்லை. கிரீட்டின் உயர்மலை மேய்ச்சல் நிலங்களில் எவரும் நடக்கலாம். குறி பூசிய தடம்தான் குறைவு. மயோர்காவில் தடம் இருக்கும், வழியில் கதவு இருக்கும். திரமுந்தானாவின் பெரும்பகுதி பெரிய தனியார் பண்ணைகள். தீவின் மிக உயர்ந்த மலையான, 1400 மீட்டரைத் தாண்டிய புச் மஜோர், ராணுவப் பகுதி. 1950களின் இறுதியில் அமெரிக்க உதவியோடு ரேடார் வைக்க அதன் உச்சியையே வெடிவைத்துத் தட்டையாக்கினார்கள். அதனால் மலையேறிகள் அடுத்த உயரமான மசனேயாவுக்குப் போகிறார்கள். 1364 மீட்டர் உயர அம்மலைக்குத் தெற்கிலிருந்து ஏறும் வழக்கமான பாதை ஒரு பண்ணை வழியே போகிறது. அங்கே ஆளுக்குச் சில யூரோ கட்டணம். பொயென்சா ஊருக்கு வடக்கே, பழைய அரசர் கோட்டைக்குப் போகும் தெர்னேயெஸ் பாதை பொதுவழியா தனிச்சொத்தா என்று நீதிமன்றத்தில் பல ஆண்டு வழக்கு நடந்தது. ஊர்க்காரர்கள் திரளாகக் கூடி அந்தப் பாதையில் நடந்தே போராடினார்கள்.

இந்த விவாதத்தில் ஒரு பழைய முன்மாதிரியை நினைவூட்ட வேண்டும். ஆஸ்திரிய இளவரசர் லுத்விக் சால்வதோர் 1867இல் முதன்முறை மயோர்காவுக்கு வந்தார்; 1872இல் வல்தெமோசாவுக்கு அருகே மிராமார் பண்ணையை வாங்கினார். அடுத்தடுத்த பண்ணைகளையும் வாங்கி, முகட்டோரம் குதிரைப் பாதைகள் போட்டார், கடலைப் பார்க்க மேடைகள் கட்டினார். மரம் வெட்டக் கூடாது என்று உத்தரவிட்டார். நடந்து வருகிறவர் எவரானாலும் மூன்று நாள் இலவசமாகத் தங்கலாம் என்று ஒரு சத்திரம் வைத்தார். சாப்பாடு மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். பாலியரிக் தீவுகளைப் பற்றி அவர் எழுதிய பல தொகுதி நூல், பனிக்காரர், கரிக்காரர், மீனவர் என்று ஒவ்வொரு தொழிலையும் பதிவுசெய்த களஞ்சியம். செல்வமும் பட்டமும் உள்ள நிலக்கிழார்தான் அவரும். ஆனால் நிலத்தைத் திறந்துவைத்தால் சொத்து குறைந்துவிடாது என்று நடந்துகாட்டியவர். இன்று அவர் பெயர் தாங்கிய பாதைக்கு வல்தெமோசாவிலிருந்து ஏறும் காட்டில் அனுமதிச் சீட்டு முறை வந்திருக்கிறது. கரும்பாறு கழுகுகள் கூடு கட்டும் பகுதி என்பதால் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்த முடிவைப் பொது அமைப்பு எடுக்க வேண்டும், தனி உரிமையாளர் அல்ல என்பதுதான் என் நிலை.

பொதுப்பணத்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் அதே தீவில் நல்ல சான்றுகள் உண்டு. 1980களில் தீவு நிர்வாகம் கல் கட்டும் கலைக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கிழக் கொத்தர்கள் இளைஞருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி வந்த அணிகள்தான் கலிலேவு வளைவுப் பாதையையும் இன்னும் பலவற்றையும் மீட்டுக் கட்டின. அந்திராச்சிலிருந்து பொயென்சா வரை போகும் ஜிஆர் 221 என்ற நெடும்பாதை, சாந்தில்லாக் கல்லின் வழி என்றே பெயர் பெற்றது. வழியில் தோசல்ஸ் வெர்த்ஸ், முலேத்தா, கன் பொய் போன்ற விடுதிகளைத் தீவு நிர்வாகமே திறந்தது. ரய்ஷா, கலட்சோ போன்ற பெரும்பண்ணைகளை அரசும் நகராட்சியும் விலைக்கு வாங்கிப் பொதுவாக்கின. நில உரிமையாளரோடு ஒப்பந்தம் முடியாத இடங்களில் நெடும்பாதை இன்னும் துண்டுதுண்டாகத்தான் கிடக்கிறது.

கோர்சிகாவின் ஜிஆர் 20 வேறு வகைச் சிக்கல். பொறியாளரும் மலையேறியுமான மிஷேல் ஃபப்ரிகான் வகுத்த தடம். 1970களின் தொடக்கத்தில் உருவானது. கலென்சானாவிலிருந்து கொங்கா வரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர், வழக்கமாகப் பதினைந்து பதினாறு கட்டங்கள். ஐரோப்பாவின் மிகக் கடினமான நெடும்பாதை என்ற பெயரே அதற்கு வினையாகிவிட்டது. உடலைச் சோதிக்க வருகிறவர்கள், நேரக்கணக்கில் ஓடி முடிக்க வருகிறவர்கள் என்று கூட்டம். 2015 ஜூன் 10 அன்று, சங்கிலி பிடித்து இறங்கும் தனிமை வட்டம் என்ற பாறைக்கிண்ணத்தில், மழையில் சரிந்த பாறை ஏழு பேரைக் கொன்றது. அந்தப் பகுதியை விட்டுவிட்டு, சிந்தோ மலைத்தோள் வழியே 2600 மீட்டருக்கு மேல் புதுத்தடம் போட்டார்கள். 2022 ஆகஸ்ட் 18 காலை, தீவின் மேற்கில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய சூறைக்காற்று சில நிமிடங்களில் வந்துபோனது. தீவில் ஐந்து பேர் இறந்தார்கள், மலையில் கூடாரம் போட்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். இயல்பைவிட மிகச் சூடான கடல்நீர் அந்தப் புயலுக்கு வலுவூட்டியது என்று வானிலை ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கடலை ஒட்டிய மலை என்பதன் இன்னொரு முகம் இது. கடல் கொதித்தால் மலைக்கும் ஆபத்து.

அந்தத் தடத்தை வேகமாக ஓடிக் கடப்பவர்களின் உடல்வலிமையை நான் மதிக்கிறேன். முப்பது முப்பத்தொரு மணி நேரத்தில் ஓடி முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோர்சிகா மலையை அறிய அது வழியல்ல. கோடையில் நீனோ ஏரிக்கரைப் புல்வெளியில் குதிரைகளும் மாடுகளும் மேய்கின்றன. வழியில் ஆயர் குடில்களில் பாலாடைக்கட்டி விற்கிறார்கள். நின்று வாங்கித் தின்ன நேரம் இல்லாதவருக்கு மலை ஒரு மைதானமாகத்தான் இருக்கும்.

நகரத் தொழிலாளரும் இந்த மலைகளுக்கு ஏதோ செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்செய் நகரில் 1897இல் ஒரு நடைப்பயணச் சங்கம் தொடங்கியது. எழுத்தர்களும் கடைச் சிப்பந்திகளும் ஞாயிறுதோறும் கடலோரக் குன்றுகளில் நடந்தார்கள். 1910இல் ஒரு கல்குவாரி பொர்-மியூ கடல்நுழைவை விழுங்கத் தொடங்கியபோது, அந்த நடைக்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்தக் கரைகள் 2012இல் தேசியப் பூங்காவாயின. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நடப்பவர்கள் காட்சி பார்ப்பதோடு நிற்காமல் மலைக்குக் குரலாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியவில்லை.

அந்த மலைகளுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்களிடம் சில வேண்டுகோள்கள். தாழ்ந்த மலைகளுக்கு ஏப்ரலிலோ அக்டோபரிலோ போங்கள். கோடையில் பயணச்சீட்டு எடுத்துவிட்டோமே என்று நடுப்பகலில் ஏறாதீர்கள். வரைபடத்தில் ஊற்றுக்குறி இருப்பதை நம்பித் தண்ணீர் குறைவாக எடுத்துப்போகாதீர்கள். சுவரிலிருந்து கல்லை உருவி வழிக்குறிக் குவியல் அடுக்காதீர்கள். அந்தக் கல்லைத் திரும்ப வைக்கத் தெரிந்த கைகள் குறைவு. தீ எச்சரிக்கை போட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். பொது விடுதி இருக்கும் இடத்தில் ஓரிரவாவது அங்கே தங்குங்கள், ஆயர் குடிலில் பாலாடைக்கட்டி வாங்குங்கள். பாலியரிக் தீவுகளில் 2016 ஜூலை முதல் பயணிகளிடம் இரவுக்கணக்கில் சுற்றுலா வரி வாங்குகிறார்கள். நீங்களும் கட்டுவீர்கள். அந்தப் பணத்தில் எவ்வளவு பாதைக்கும், கல் கட்டுகிறவரின் கூலிக்கும் போகிறது என்று தங்கும் ஊரிலேயே கேளுங்கள்.